யாருக்கும் தொந்தரவில்லாத கேட்

மாவிஸ் கெரிட்ஜின் காலை யாராவது மிதித்துவிட்டால், மன்னிப்புக் கேட்பது மாவிஸாகத்தான் இருக்கும். ஹெம்லிங் கிராமத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊர் ஜனங்கள் எல்லாருமே கிட்டத்தட்ட அந்த ரகம்தான். பேருந்து நிற்காமல் போய்விட்டால்கூட, பாவம், ஓட்டுநருக்கு என்ன அவசரமோ என்று பரிந்து பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் மாவிஸ் ஒரு படி மேல். முப்பத்தொரு வருடம் துறைமுகக் கேன்டீனில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கும் சரக்கு இறக்குகிறவர்களுக்கும் முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துப் போட்டவள். ஓய்வு பெற்ற அன்று, "ஒரு நாள்கூட நீங்க ஒரு புகார் சொன்னதில்ல" என்று பாராட்டி மேலாளர் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அந்தக் கடிகாரம் ஒரு நாளும் ஓடியதில்லை. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வயது எழுபத்திரண்டு. புருஷன் பெர்னார்ட் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தம்பி, லென்.

லென் முப்பத்து நாலு வருடம் ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற ஒற்றைத் தண்டவாளம்தான் அவன் உலகம். எந்த ஸ்லீப்பர் கட்டையை எந்த வருடம் மாற்றினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த வேலை அவனுடைய இரண்டு முழங்காலையும் தின்றுவிட்டு, கடைசியில் இடுப்பிலும் கை வைத்தது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் தடி ஊன்றிப் போய் வருவான், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு வாதமும் வரவில்லை.

அவன் இருந்தது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சதுப்பு நிலத்தின் ஓரமாக, அந்தக் காலத்தில் கேங்மேனுக்கென்று ரயில்வே கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில். மாவிஸ் வீடு இந்தப் பக்கம், ஊருக்குள். அவள் வீட்டில் படுக்கையும் கழிப்பறையும் மாடியில், ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. லென் அதில் ஏற முடியாது. அதனால் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு தட்டில் சாப்பாடு, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணியில் சுற்றி, கூடையில் வைத்து. நடுவில் அந்த ரயில்வே கேட். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு நிமிடம்.

அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்து வருவதால் வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது. கேட்டின் இரண்டு பக்கமும் ஒரு போன் உண்டு. கடக்கும் முன் சிக்னல் அறைக்குப் போன் செய்து அனுமதி கேட்க வேண்டும். கடந்த பிறகு அந்தப் பக்கத்துப் போனில், கடந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வரைக்கும் சிக்னல்காரர் ஒரு வண்டியையும் விடமாட்டார்.

பகல் வேலையில் பெரும்பாலும் இருந்தது க்ளைவ் என்கிற மனிதர். பத்தொன்பது வருடமாக அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான்.

"சொல்லுங்க, மிஸஸ் கெரிட்ஜ். இன்னைக்கு என்ன சமையல்?"

"ஹாம் வேகவச்சு, பட்டாணி மசிச்சிருக்கேன், க்ளைவ்."

"எனக்கு இங்க காஞ்ச ரொட்டியும் சீஸும். குடுத்து வச்ச மனுஷன் உங்க தம்பி. நாலு நிமிஷம் இருக்கு, பதனமா போங்க."

அந்தப் பக்கம் போனதும், "கடந்துட்டேன், க்ளைவ். தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பாள். திரும்பும்போது மறுபடி இரண்டு போன். அந்த மன்னிப்பு ஒரு நாளும் விட்டுப்போனதில்லை.

லென்னிடம் இந்த நாகரிகமெல்லாம் நடக்காது. தட்டைத் திறந்ததும் ஆவி வருகிறதா என்று பார்ப்பான். வந்தால் முகம் மலரும், அதற்கப்புறம் குறை ஆரம்பிக்கும்.

"மாவி, இது மாவு உருண்டையா, இல்ல ஜல்லியா? இதப் போட்டு ஒரு ஃபர்லாங் தண்டவாளம் நிறுத்தலாம்."

"பிடிக்கலேன்னா வை. வாத்துக்குப் போடறேன்."

"வாத்து என்ன பாவம் பண்ணிச்சு?" என்று சொல்லிவிட்டு ஒன்று விடாமல் தின்பான்.

அவனுக்கு அந்த வீடு, அந்த ஜன்னல், அதில் தெரிகிற தண்டவாளம், மத்தியானம் சூடாக ஒரு தட்டுச் சாப்பாடு, இவ்வளவு போதும். அவளுக்கும் அது போதும். இதைப் போய் யாராவது கெடுப்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். கெடுத்தது வேறு யாருமில்லை, அவளேதான். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

துறைமுகம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது. புதுக் கப்பல்துறை கட்டினார்கள், பெரிய கிரேன்கள் வந்தன, ஊரையே தூக்கி வைக்கிற அளவு கப்பல்கள் வந்தன. அதிலிருந்து இறங்குகிற கன்டெய்னரையெல்லாம் லாரிதான் சுமந்தது. எங்கள் தெருவில் நிமிடத்துக்கு ஒரு லாரி. அலமாரியில் கோப்பை நடுங்கும், கூரையிலிருந்து காரை உதிரும். சரக்கை ரயிலில் ஏற்று, ரயில் பாதையை இரட்டையாக்கு என்று ஊர்க்காரர்கள் மனு எழுதியபோது, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது மாவிஸ். தூறலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் அலைந்தாள். தேநீர் நேரத்தில் வந்து கதவைத் தட்டுகிறேனே, மன்னிக்கணும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு நானூற்றுப் பதினேழு கையெழுத்து சேர்த்தாள்.

மூன்று வருடம் கழித்து உத்தரவு வந்தது. ஒற்றைத் தண்டவாளம் இரட்டையாகும். ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று சரக்கு ரயில் போகிற இடத்தில் நாற்பத்தேழு போகும். ஊர் மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். லென்னுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"ரெட்டைப் பாதை," என்றான் லென், வாயில் கேக்கோடு. "நாங்க கேங்குல இருக்கறப்பவே தொண்ட கிழியக் கேட்டோம். இப்பதான் இவனுங்களுக்கு விடிஞ்சிருக்கு. நீ கெட்டிக்காரிதான், மாவி. மாவு உருண்டை மட்டும்தான் வராது உனக்கு."

அடுத்த ஜூன் மாதம், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் ஒரு கேமரா மாட்டினார்கள். கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'இந்தக் கேட்டின் பயன்பாடு வரும் திங்கள் முதல் ஒன்பது நாட்களுக்குக் கேமரா மூலம் கணக்கெடுக்கப்படும்.' எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. மாவிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். ஊர்க் கடையில் டக்ளஸ் ப்ரைக்கைப் பார்த்தபோது கேட்டாள். அவர் அந்தப் பக்கத்து நிலத்தில் பயிர் செய்கிறவர். அவருடைய டிராக்டரும் அந்தக் கேட்டில்தான் கடக்கும்.

"எதுக்கு டக்ளஸ் அந்தக் கேமரா?"

"யார் யாரால ரயிலு நிக்குதுன்னு பாக்கறாங்களாயிருக்கும். வேற எதுக்கு? நாப்பத்தேழு வண்டி ஓடணுமில்ல."

அவள் பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்த யோசனையைச் சொன்னாள். ஒன்பது நாள்தானே, நாம் எல்லாரும் கேட் பக்கமே போகாமல் இருந்துவிட்டால் என்ன? "அந்தக் கேட்டால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும். அப்புறம் நம்மள ஏன் சீண்டப் போறாங்க?"

கடையில் இருந்த நாலைந்து பேரும், அதானே, நல்ல யோசனை என்றார்கள். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள், எல்லாருக்கும் சாயங்காலத்துக்குள் செய்தி போய்விட்டது. வேறு எந்த ஊரிலாவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எங்கள் ஊரிலோ பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அழாமல் இருக்கத்தான்.

ப்ரைக் டிராக்டரை மூன்றரை மைல் சுற்றி லாரிச் சாலை வழியாக ஓட்டினார். பின்னால் இருபது லாரி ஒலி எழுப்பிக்கொண்டு வந்தது. மாவிஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தச் சாலையில் நடைபாதையும் கிடையாது. அந்த ஒன்பது நாள் மட்டும் ப்ரைக்கின் தயவில் அவருடைய வேனில் போய் வந்தாள். லென் தட்டைத் திறந்தால் குழம்பின்மேல் ஆடை படிந்திருந்தது.

"இது என்ன, செத்த பொணம் மாதிரி ஆறிக் கெடக்கு?"

அவள் காரணத்தைச் சொன்னாள். லென் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"உனக்கு மூளை இருக்கா? ரயில்வேல முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் சொல்றேன், கேளு. அங்க இருக்கறவனுக்கு எண்ணத்தான் தெரியும். எண்ணினா இருக்கு, எண்ணலேன்னா இல்ல. நீ போய் அந்தக் கேமரா முன்னாடி ஒரு நாளைக்குப் பத்துத் தடவ நட. ஊரையும் நடக்கச் சொல்லு. ஆட்டம் ஆடச் சொல்லு."

"சும்மா இரு, லென். அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க. நாம ஏன் குறுக்க போய் விழணும்?"

"பக்கத்து ஊர்க் குதிரைக்காரிங்க என்ன பண்றாளுங்கன்னு போய்ப் பாரு."

அவன் சொன்னது நிஜம். அங்கேயும் ஒரு கேட், ஒரு கேமரா. அந்த ஊர்க் குதிரைச் சவாரிச் சங்கத்துப் பெண்கள் வெட்கமே இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம்வரை குதிரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தார்கள். சொந்தக்காரர்கள் குதிரையையெல்லாம் இரவல் வாங்கி வந்து ஓட்டினார்கள். மாவிஸ் அதைக் கேட்டு முகம் சுளித்தாள், இப்படியா நடந்துகொள்வது என்று.

அக்டோபரில் கடிதம் வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தாள். ஒன்பது நாட்களில் ஹெம்லிங் கேட்டைக் கடந்த பாதசாரிகள், பூஜ்யம். வாகனங்கள், பூஜ்யம். இரட்டைப் பாதையில் வேகம் கூடுவதால் பயன்படாத கேட்டுகளை அகற்ற வேண்டியிருக்கிறது. பரிந்துரை, நிரந்தர மூடல். கூடவே இன்னொரு காகிதம். பக்கத்து ஊர்க் கேட்டில் பயன்பாடு மிக அதிகமாக இருப்பதால் அங்கே தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம் கட்டப்படும், குதிரைகள் ஏற வசதியாகச் சாய்வுப் பாதையோடு.

குதிரைக்குப் பாலம். லென்னுக்கு மூன்றரை மைல். இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். மாவிஸ் அதை நானூற்றுப் பதினேழு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஊர் மண்டபத்தில் கூட்டம். ரயில்வே சார்பில் ஜெம்மா என்ற இளம்பெண் வந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். வண்ணம் தீட்டிய வரைபடங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, உங்கள் கருத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்றாள். மாவிஸ் வாழ்நாளில் முதல்முறையாகக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். நிற்கும்போதே நாற்காலி கிரீச்சிட்டதற்குப் பக்கத்தில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு லென்னைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது வருடமாகத் தினமும் அந்தக் கேட்டில் நாலு முறை போன் செய்வதைச் சொன்னாள். அந்தக் கேட் போனால் அவனுக்குச் சாப்பாடு போகாது, அவனை முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும் என்றாள்.

ஜெம்மா குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டாள். "அந்த ஒன்பது நாள்ல நீங்க கடந்தீங்களா, மிஸஸ் கெரிட்ஜ்?"

மண்டபத்தில் எல்லாரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல."

"ஏன்னு கேக்கலாமா?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்னுதான்."

ஜெம்மாவுக்கு அது புரியவே இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, அவள் வெளியூர். "சரி, அந்த ஒன்பது நாளும் உங்க தம்பிக்குச் சாப்பாடு போச்சா?"

"போச்சு."

"அப்ப வேற வழி இருக்குன்னுதானே அர்த்தம்?"

மாவிஸ் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து, நாங்கள் எல்லாருமே வேண்டுமென்றுதான் ஒதுங்கி இருந்தோம் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு பெண்பிள்ளை விருந்தாளியாக வந்திருக்கும்போது சத்தம் போடுவது மரியாதையா? கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ப்ரைக் அவள் தோளைத் தட்டினார். "பரவாயில்ல மாவிஸ், நீ நல்லதுக்குத்தானே சொன்னே." ஊரே வந்து அதையே சொல்லிவிட்டுப் போனது. ஒருத்தர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்பும் முன் ஜெம்மா ஒரு விஷயம் சொன்னாள். கணக்கெடுப்புக்கு முந்தைய காலத்தில் அந்தக் கேட்டை யாராவது பயன்படுத்தியதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் கொடுங்கள், முடிவு மாறலாம். மாவிஸுக்கு உயிர் வந்தது. சிக்னல் அறையில் ஒரு பதிவேடு உண்டு, கேட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு போனும் அதில் ஏற வேண்டும். லென் அடிக்கடி சொல்லியிருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"க்ளைவ், ஒரு உதவி. உங்க பதிவேட்டுல நான் பேசினதெல்லாம் இருக்குமில்ல? அதுல ஒரு நகல் கெடைக்குமா?"

க்ளைவ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்கணும்தான், மிஸஸ் கெரிட்ஜ்."

"இருக்கணும்னா?"

"ஒவ்வொண்ணையும் எழுதினா வருஷக் கடைசியில மேல உக்காந்திருக்கறவங்க கூட்டிப் பாப்பாங்க. ஹெம்லிங் கேட்டுல இத்தன போன், இத்தன நேரம் வண்டி நின்னுதுன்னு. உடனே அந்தக் கேட்டு வேணாம்பாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாதுன்னுதான்..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வந்த நாள்லேர்ந்து ஒண்ணுகூட எழுதல. இங்க இருக்கற மத்த ஆளுங்ககிட்டயும் எழுத வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன்."

கேமராவில் ஒன்றும் இல்லை, பதிவேட்டிலும் ஒன்றும் இல்லை. இரண்டும் நல்ல மனதோடு செய்தவை. கெட்டவர்கள் செய்கிற கெடுதலுக்காவது ஒரு முகம் இருக்கிறது, போய் நாலு கேள்வி கேட்கலாம். இதற்கு யாரைப் போய்க் கேட்பது?

"நான் வேணா வந்து சாட்சி சொல்றேன், மிஸஸ் கெரிட்ஜ்."

"வேண்டாம் க்ளைவ். உங்க வேலை போயிடும். இனிமே எழுதறேன்னும் ஆரம்பிக்காதீங்க, ஜோடிச்ச மாதிரி இருக்கும்." பிறகு, பழக்கதோஷம், "ரொம்ப நன்றி" என்றாள்.

பனிக்காலம் முழுக்கப் புதுத் தண்டவாளம் போட்டார்கள். பெரிய இயந்திரம் ஒன்று கட்டையையும் கம்பியையும் தானே இறக்கித் தானே பொருத்திக்கொண்டு போனது. லென் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டு வந்த பையன்களிடம், அந்த ஓடைப்பக்கம் மண் உள்வாங்கும், ஜல்லியை இரட்டிப்பாகக் கொட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினான். அவர்கள் அப்படியே செய்தார்கள்.

"நல்ல வேலை," என்றான் மாவிஸிடம். "நாங்க ஒரு வாரம் பண்ணறத ஒரு பொழுதுல முடிச்சுடறான். குறை சொல்ல ஒண்ணுமில்ல."

அவன் குறை சொல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மார்ச் கடைசியோடு கேட் மூடப்படும் என்று உறுதியானது. டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் லென்னுக்கு இடம் ஒதுக்கினார்கள். இன்னும் எட்டு நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை, மாவிஸ் வழக்கம்போல மாட்டிறைச்சிக் குழம்பும் மாவு உருண்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் போன் செய்தாள். மூன்று நிமிடம் இருக்கிறது என்றார் க்ளைவ். கடந்தாள். அந்தப் பக்கத்துப் போன் பெட்டியைத் திறந்தாள். கையை உள்ளே நீட்டினாள்.

அங்கேயே நின்றாள். அப்புறம் பெட்டியை மூடிவிட்டு நடந்தாள். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. எடுக்கக் கை வரவில்லை என்றுதான் பின்னால் சொன்னாள்.

லென் தட்டைத் திறந்தான். ஆவி வந்தது. இரண்டு வாய் தின்றான். மூன்றாவதை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"பன்னெண்டு பத்து வண்டி இன்னும் போகலியே. நீ போன் பண்ணியா?"

"இல்ல."

"மாவி, வண்டி அவுட்டர்ல நிக்கும்."

"நிக்கட்டும்."

"பின்னாடி ஒண்ணு வந்து அதுவும் நிக்கும். துறைமுகத்துல ஏத்தினது கெளம்ப முடியாது."

"நிக்கட்டும், லென். நீ சூடா சாப்பிடு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது வருடத்தில் இப்படி ஒரு மாவிஸை அவன் பார்த்ததில்லை. பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். கேட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது, மறுபடி அடித்தது. தூரத்தில் ஒரு வண்டி ஒலி எழுப்பியது, அதற்குப் பின்னால் இன்னொன்று. லென் ஒவ்வொரு உருண்டையாக வெட்டி, குழம்பில் தோய்த்து, அவசரமே இல்லாமல் தின்றான். ரொட்டியால் தட்டைத் துடைத்தான். தேநீர் கேட்டான், போட்டுக் கொடுத்தாள். கோப்பையைக் காலி செய்த பிறகுதான் சொன்னான்.

"போதும். க்ளைவ் பாவம், மாவி. அவன் தலைதான் உருளும்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். "கடந்துட்டேன், க்ளைவ். மன்னிக்கணும்."

அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "எங்க விழுந்து கெடக்கறீங்களோன்னு பதறிட்டேன். உங்களத் தேடி ஆளனுப்பியிருக்கேன்." பிறகு மெதுவாக, "இதை மட்டும் எழுதாம விட முடியாது, மிஸஸ் கெரிட்ஜ்."

"எழுதுங்க," என்றாள்.

மறுநாள் காலையிலேயே கேட்டுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். எட்டு நாள் பாக்கி இருந்தது என்று யாரும் வாதாடவில்லை. லென்னை ஆம்புலன்ஸில் ஏற்றி லாரிச் சாலை வழியாகக் கொண்டுபோனார்கள். இப்போது நாற்பத்தேழு ரயிலும் ஓடுகிறது. துறைமுகம் இன்னும் பெருத்துவிட்டதால் லாரியும் குறைந்தபாடில்லை.

கோடையில் ரயில்வேயின் இறுதி அறிக்கை தபாலில் வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று விதி. மாவிஸ் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். லென் முன்னால் ஒரு தட்டு இருந்தது, பாதிக்கு மேல் தொடாமல். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹெம்லிங் கேட் பற்றிய பத்தியை அவனுக்குப் படித்துக் காட்டினாள். ஆவணங்களின்படி அந்தக் கேட்டைப் பொதுமக்கள் பயன்படுத்தியது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையில் நான்கு சரக்கு ரயில்கள் நாற்பத்தொரு நிமிடம் தாமதமாயின. மூடல் முடிவு சரியானதே என்பதற்கு இதுவே போதுமான சான்று.

"கேட்டியா, லென்? பத்தொன்பது வருஷத்துக்கு ஒரே ஒரு தடவதானாம்."

அவன் என்ன திட்டப் போகிறான் என்று பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அதற்குள் தட்டை எடுக்க ஒரு பணிப்பெண் வந்தாள். லென் அவசரமாகக் கரண்டியை வைத்துவிட்டு, தட்டைத் தானே அவள் பக்கம் நகர்த்தினான்.

"மிச்சம் வச்சுட்டேன், தாயி. தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான்.